அரை இஞ்சு கூடுதல் கண்ணாடி

நாற்பது வருஷமாக வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் தைத்துவந்தவளைத் தெருவில் எல்லோரும் அரை இஞ்சு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த கண்ணாடிக்கடைக்காரருக்கும் அவள் அக்காதான். அவளோ அவரை அண்ணே என்பாள். யார் துணி கொடுத்தாலும் உள்தையலில் அரை இஞ்சு கூட்டி மடித்துவிடுவாள். "உடம்பு என்னைக்கும் ஒரே மாதிரியா இருக்கும்? நாளைக்குப் பிரிச்சு விட்டுக்கலாம்" என்பாள். தன் கல்யாணத்துக்கு அவள் தைத்துக் கொடுத்த கால்சட்டையை அவளுடைய தம்பி மூன்று தடவை பிரித்துவிட்டு, பேரன் எடுத்த பிறகும் போட்டுக்கொண்டிருந்தான்.

அந்த அரை இஞ்சே மருமகளிடம் மனத்தாங்கலில் கொண்டுபோய் விட்டது. பேத்தி எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு இவள் ஆசை ஆசையாகத் தைத்துக் கொண்டுபோன சட்டைக்குள் குழந்தை இருக்கிற இடமே தெரியவில்லை. மருமகள் சட்டையைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"எம் பிள்ளை எவ்வளவு சின்னதுன்னு எனக்கே காட்டணுமா அத்தை?"

இவள் சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்துக் குழந்தையை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். குளிர்காற்று படவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மகன் லாரியோடு வெளியூரில் இருந்தான். வர நாலு நாள் ஆகும். மருமகள் போனில் பட்டென்று சொன்னாள்: "ரூம் கதகதப்பா இருந்தா அங்க வரேன் அத்தை. இல்லேன்னா எங்க அக்கா கூப்பிடுறா, அவ வீட்டுக்கே போயிடுறேன்." அக்கா வீடு அரைநாள் பயணம். அங்கே போனவள் எப்போது திரும்புவாள், திரும்புவாளா என்று யார் கண்டது?

அதனால்தான் குழந்தை வரவிருந்த அன்று விடிந்ததும் கனத்த துணியில் புதுத் திரை தைத்து, நாற்காலிமேல் ஏறி மாட்டப் போனாள். திரைக் கம்பி கைநழுவியது. அதன் முனை ஜன்னலில் பட்டுக் கண்ணாடி சளீரென்று கொட்டியது. உள்ளே காற்று சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்தது.

நாற்காலியில் நின்றபடியே காலை நீட்டிச் செருப்பை இழுத்து மாட்டிக்கொண்டு இறங்கினாள். முதலில் கைக்கு வந்தது, சிதறிய ஊசி பொறுக்க அவள் வைத்திருக்கும் காந்தம். தரையில் தேய்த்துக்கொண்டே வந்தவளுக்குப் பாதி அறை தாண்டிய பிறகுதான் உறைத்தது, கண்ணாடி காந்தத்துக்கு மசியாது என்று. தலையில் அடித்துக்கொண்டாள். கையில் கனத்த துணியைச் சுற்றிப் பெரிய துண்டுகளைப் பொறுக்கினாள். சட்டத்தில் பல்லைப்போல நின்றவற்றை மேலிருந்து ஒவ்வொன்றாக ஆட்டி எடுத்தாள். எல்லாவற்றையும் நாலு மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி, குப்பை எடுக்கிற அம்மாள் கையைக் கிழித்துவிடக் கூடாதென்று மேலே 'கண்ணாடி' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். பெருக்கிவிட்டு, ஈரத் தாளால் ஒற்றி எடுத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்துப் பார்த்தாள். தூள்கூட மினுங்கிக் காட்டிக்கொடுத்தது. மூன்று தடவை அப்படிச் செய்தாள்.

அளவு எடுத்துக் கண்ணாடிக்கடைக்காரருக்குப் போனில் சொன்னாள். மத்தியானம் அவர் கொண்டுவந்தார். சட்டத்தில் வைத்தார், திருப்பி வைத்தார். ஊஹூம்.

"அக்கா, அளவு எப்படி எடுத்தீங்க?"

"டேப் வெச்சுத்தான். நாலு பக்கமும் அரை இஞ்சு கூட விட்டு..."

சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சட்டத்துக்கு ஒரு துளி குறைவா இருந்தாத்தான் கண்ணாடி உக்காரும். இதை மடிச்சுத் தைக்கவா முடியும்?" என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார். "நறுக்குற மேசை கடையில இருக்கு. இப்ப வேற ஊருக்கு மாட்டப் போகணும், காலையில முதல் வேலையா வேற நறுக்கிட்டு வரேன்க்கா."

"குழந்தை நாலு மணிக்கு வருதே அண்ணே!"

பெரிய கண்ணாடியை நடையில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

இவள் மெஷினில் உட்கார்ந்தாள். மேசைக்குப் போட்டிருந்த கெட்டிப் பிளாஸ்டிக் விரிப்பை இரண்டாக மடித்து, ஓரம் முழுக்க நாடா வைத்துத் தைத்தாள். இதற்கும் நாலு பக்கமும் அரை இஞ்சு விட்டாள். ஜன்னல் சட்டத்தில் வைத்து அடித்தபோது அந்த ஓரத்தில்தான் ஆணியே நின்றது. மேலே திரையை மாட்டி இழுத்துவிட்டாள். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

நாலு மணிக்குக் கார் வந்தது. மருமகளின் அக்கா ஸ்டியரிங்கை விட்டு நகரவில்லை. "போய் ரூமைப் பாரு. சரியில்லேன்னா அப்படியே கிளம்பிடலாம். நான் வண்டியை அணைக்கல."

மருமகள் குழந்தையோடு அறைக்குள் வந்து நின்றாள். "நல்லாத்தான் இருக்கு அத்தை."

கிழிசலுக்கு மேலே பாக்கெட் வைத்து மறைத்தே பழகிய கை மாமியாருடையது. அந்தக் கைதான் போய்த் திரையை ஒதுக்கியது.

"காலையில நான்தாம்மா உடைச்சேன். கம்பி நழுவிடுச்சு. புதுக் கண்ணாடி வந்துச்சு, அதுவும் எம் புத்தியால பெருசாப் போச்சு."

"எவ்வளவு பெருசு?"

"அரை இஞ்சு."

மருமகள் நடையில் சாய்ந்திருந்த கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள். "கண்ணாடிக்குமா?"

"நாலு பக்கமும்."

"சிரிக்க வெக்காதீங்க அத்தை, வயிறு இழுக்குது" என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு குழந்தையை மாமியார் கையில் கொடுத்தாள். புறங்கையை நாக்கால் ஈரப்படுத்தி, பிளாஸ்டிக்கின் ஓரமாகவே சுற்றிக் காட்டிப் பார்த்தாள். எங்கேயும் குளிரவில்லை.

"அந்தச் சட்டை எங்க?"

"இருக்கும்மா. பிரிச்சுச் சின்னதாக்கித் தரேன்."

"வேண்டாம். உள்ள ரெண்டு சட்டை போட்டு மேல அதைப் போட்டா கணக்கா இருக்கும்."

வாசலில் ஹாரன் அடித்தது. "என்னடி, வரியா இல்லியா?"

மருமகள் பிளாஸ்டிக் ஜன்னலைத் தட்டிக் கத்தினாள். "அக்கா, வண்டியை அணைச்சுட்டுப் பையை எடுத்துட்டு வா!"