நாலாவது மூலை

“...அப்ப இந்த மூலை யாருதுண்ணே? அத மட்டும் சொல்லுங்க” என்றார் அந்தம்மா, கையில் அரிவாளோடு. வயலோரம் அறுவடை மெஷின் உறுமிக்கொண்டு நின்றது.

நன்னிலம் பக்கம் எங்கள் ஊர். நான் தையல்காரன்; ஞாயிறு மாலை சர்ச்சில் வேத வகுப்பும் எடுக்கிறேன். இறையியல் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. படித்தவர்கள் பேசக் கேட்டுச் சேர்த்ததுதான் எல்லாம். அந்தம்மா வகுப்புக்குத் தவறாமல் வருபவர். கூலிக்கு அறுத்த குடும்பம். புதிதாக வாங்கிய சொந்த வயலில் இது முதல் அறுப்பு.

மெஷின் திரும்ப வேண்டுமென்று முதலில் நான்கு மூலைகளையும் கையால் அறுத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மூன்றை அறுத்தவர் நாலாவதில் நின்றுவிட்டார்.

காரணம் நான்தான். வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்கிற மோசேயின் சட்டத்தை முந்தின ஞாயிறு வாசித்தோம். எங்கள் பழைய போதகர் அதை நிலக்காரரின் இரக்கம் என்பார். நாங்களும் ஆமென் சொல்வோம். அப்போது எங்களில் ஒருவருக்கும் நிலம் கிடையாது. இந்த வருஷம் வந்த இறையியல் பேராசிரியரோ, “இரக்கம் இல்லீங்க, உரிமை. சிந்துன கதிரப் பொறுக்குற பொம்பள பக்கம் நின்னு வாசிங்க” என்றார். தேனாக இனித்தது. அப்படியே வகுப்பில் ஒப்பித்தேன். கேட்டவர்களில் பாதிப் பேர் இப்போது நிலக்காரர்கள் என்பது ஏனோ உறைக்கவில்லை. வாயில் ஓடும் வண்டி வரப்பில்தான் குடைசாயும் என்பார்கள்.

“எங்கம்மா பொறுக்குன நெல்ல பழைய நெலக்காரரு மடியோட கொட்டச் சொன்ன வயலுண்ணே இது. இன்னிக்கு நான் விட்டா யாரு வருவா பொறுக்க? ரேஷன் அரிசிய மாட்டுக்கு வைக்கிற ஊரு. அறுக்கத் தெரியாதவன்னு சிரிப்பாங்க. அறுத்துட்டா, எங்கம்மாவ நானே வெரட்டுன மாதிரி ஆயிடும்.”

“பைபிள்ள மெஷினுக்கு ஏதாச்சும் போட்டிருக்காண்ணே? அடுத்த வயலு காத்துக் கெடக்கு!” என்று கத்தினார் டிரைவர்.

பரதேசி என்றால், நடவுக்கு வந்த வடநாட்டு ஆட்களைச் சொல்லலாம். அவர்களும் எப்போதோ போய்விட்டார்கள். ஏழை யார், நிலக்காரர் யார்? எதிரில் நின்றவர் ஒரே ஆள். இரண்டு விளக்கமும் எனக்குள் முட்டிக்கொண்டன.

“தெரியலம்மா” என்றேன்.

அந்தம்மா டிரைவரைப் பார்த்து, மூலையை விட்டு ஓட்டும்படி கை காட்டினார். மெஷின் ஒதுங்கிப் போனது. அரிவாளை வரப்பில் வைத்தார். முந்தானையை மடியாகக் கட்டிக்கொண்டு, தன் வயலின் மூலையில் இறங்கி, கதிரைக் கையால் உருவி மடியில் போட ஆரம்பித்தார்.