மதிப்பு இறங்கிய வாரத்தில் ஒரு மஹர்

இன்று காலை கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். ஒருவர் கல்யாணப் பெண்ணின் தகப்பனார்; மற்றவர் மாப்பிள்ளையின் தகப்பனார். துணி எடுக்கப் போகிறார்கள்.

என் கையிலிருந்த பத்திரிகையில் 'ரூபாய் மதிப்புக் குறைப்பு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பெண்ணின் தகப்பனார் திரும்பிப் பார்த்துவிட்டார்.

"மச்சான், மாப்ள தர்ற மஹர ரூபாயில பேசினோம். ரூபாயே எறங்கிடுச்சாம். எம் பொண்ணுக்குக் கொறஞ்சுல்ல போவும்? பவுனாப் போடுங்க."

"பேசினது பேசினதுதான்" என்றார் மற்றவர். "சார், பேப்பர் படிக்கிறீங்க. நீங்களே இவருக்குச் சொல்லுங்க."

முப்பது வருடமாகச் செய்தி எழுதுகிறேன். பொருளைச் சரியாகச் சொல்ல வேண்டும் அல்லவா? இங்கே அரிசி வாங்கும் ரூபாய் இன்றே சுருங்கிவிடாது. வெளிநாட்டுப் பணத்துக்கு எதிராகத்தான் ரூபாயின் மதிப்பைக் குறைத்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவருக்கு இங்கே கூடுதல் ரூபாய் கிடைக்கும் என்றேன்.

பெண்ணின் தகப்பனார் முகம் மலர்ந்தது. "மாப்ள பினாங்குலதானே சம்பாதிக்கிறாரு, மச்சான்?"

மாப்பிள்ளையின் தகப்பனார் பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் சாலை வரும்வரை விரல் விட்டுக் கணக்குப் போட்டார். பிறகு அவர் சிரித்துவிட்டார்.

"சரி, பவுனாவே போட்டுர்றோம். ஏன் சார், பொண்ணு வூட்டு ஆளுன்னு மொதல்லயே சொல்லக் கூடாதா?"

சிதம்பரத்தில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். நிக்காஹுக்கு இரண்டு பேருமே அழைத்திருக்கிறார்கள். எந்த வீட்டார் பக்கம் உட்காருவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.