புதுப் பெட்டியும் வராத சத்தமும்

புது கம்ப்யூட்டரை இணைத்து, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஏற்றி, திரையில் எல்லாம் வந்து, சத்தம் மட்டும் வராமல் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்களுக்கு இந்தத் தொழிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பாண்டி பஜார் பின்புறம் ஒரு மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் கடை. அந்த வருஷம் எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. ஒன்றேகால் வயசு மகள் மீரா, கூப்பிட்டால் திரும்புவதில்லை. வீட்டில் எல்லோரும் “சமர்த்து” என்றார்கள். நான் மட்டும் குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

மயிலாப்பூர் மாமி

பாட்டு சொல்லிக்கொடுக்கும் மாமி. லினக்ஸ்தான் வேண்டும் என்பது அமெரிக்காவிலிருக்கும் பிள்ளையின் உத்தரவு. ஸ்பீக்கர் வயர், சவுண்டு கார்டை ஓட்டும் டிரைவர் மென்பொருள் என்று வரிசையாகப் பார்த்தேன். சவுண்டு கார்டைக் கழற்றித் துடைத்து வேறு இடத்தில் செருகினேன். கான்வென்ட் பழக்கத்தில் ஒரு ஹெயில் மேரி ஜெபமும் சொன்னேன். கடைசியில் பார்த்தால் வால்யூம் பூஜ்யத்தில் இருக்கிறது! சில டிரைவர்கள் வாயை மூடிக்கொண்டேதான் வந்து சேரும், நாம்தான் திறந்துவிட வேண்டும். நீங்களும் இதற்கு ஒரு நாளைத் தொலைத்திருப்பீர்கள். மீராவுக்கும் இப்படி ஏதாவது அற்பக் காரணமாக இருக்கும் என்று எனக்கு ஒரு நிம்மதி. மாமிக்குத்தான் ஆறவில்லை.

“ஒரு குமிழைத் திருகறதுக்கா கார்த்தாலேர்ந்து எங்காத்துல ஒக்காந்துண்டிருந்தே?”

கோபாலபுரம் வக்கீல்

இவர் வீட்டில் சத்தம் வரும். இன்டர்நெட்டுக்கு மோடத்தைப் போட்டதும் செத்துவிடும். கம்ப்யூட்டர் ஆளுக்கொன்றாகத் தரும் எண்ணில், சவுண்டு கார்டும் மோடமும் ஒரே எண்ணுக்கு அடித்துக்கொள்கிற பழைய வியாதி. எண்ணை மாற்றிவிட்டு, வக்கீலின் போனிலிருந்தே வீட்டுக்குப் பேசினேன். மீராவுக்குப் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்க்கும்படி மாமியாரிடம் சொல்லியிருந்தேன். “திரும்பினாளே!” என்றார். அப்புறம் மெதுவாக, “முன்னாடி நின்னுதான் தட்டினேன்” என்றார். பின்னால் போய்த் தட்டச் சொல்லிக் கெஞ்சினேன். அடுப்பில் பால் என்று போனை வைத்துவிட்டார். என்னோடு வந்திருந்த செல்வம், சைதாப்பேட்டைக்காரன், எங்கள் கடை மெக்கானிக், ஸ்குரூ டிரைவரும் கையுமாகக் கேட்டுக்கொண்டு நின்றான்.

“இன்னா மேடம், வூட்லயும் டெஸ்டிங் நடக்குதா?”

ஜவுளிக்கடை அண்ணாச்சி

மாமியாருக்குக் காய்ச்சல் என்று அன்று மீராவைக் கடைக்குத் தூக்கி வந்திருந்தேன். மேஜைக்கடியில் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். தி.நகர் ஜவுளிக்கடை அண்ணாச்சிக்கு, விளம்பரம் ஓட்டப் பெரிய ஸ்பீக்கரோடு ஒரு மெஷின். மாமியிடம் பட்ட பாட்டுக்குப் பிறகு எல்லா வால்யூமையும் உச்சத்தில் ஏற்றிவிட்டுத்தான் சோதிப்பது என் வழக்கம். போட்டேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. செல்வம் கையிலிருந்த டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். மீரா அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு.

“பிள்ளைன்னா இப்படில்லா இருக்கணும்! ஊரே இடிஞ்சாலும் அசையாது போலுக்கே.”

அடையாறு

செவிப் பரிசோதனைக்கான சின்ன அறை. என் மடியில் மீரா, இரண்டு மூலையிலும் ஸ்பீக்கர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரிசோதனை செய்யும் பெண். சத்தம் வலதில் வந்தது, இடதில் வந்தது, ஏறிக்கொண்டே போனது. மீரா என் வளையலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தேன். ஸ்பீக்கர் வயரை ஆட்டிப் பார்த்தேன். பின்னைக் கழற்றி மறுபடி செருகினேன். உங்கள் மெஷினில்தான் கோளாறு, வால்யூமைப் பாருங்கள், கார்டைப் பாருங்கள் என்று அந்த இரைச்சலுக்கு மேலே கத்தினேன். அந்தப் பெண் சத்தத்தை நிறுத்தவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்து என் கையிலிருந்த வயரை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

“இவ்வளவு கத்திப் பேசறீங்களேம்மா, உங்களுக்குக் கேக்குதுல்ல? அப்ப மெஷின் நல்லாத்தான் இருக்கு.”

எங்கள் தொழிலில் ஆயிரம் தொல்லை இருந்தாலும், நான்கு திருகைக் கழற்றி மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிடலாம் என்கிற ஒரு சௌகரியம் உண்டு.