உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொன்னவன்

செம்மண் மைதானத்தில் காலையில் தண்ணீர் தெளித்தால் ஒரு வாசனை வரும்... சேறடித்த வயலின் வாசனை அல்ல. அதைவிடக் காய்ந்தது. கொஞ்சம் இரும்பு கலந்தது.

தஞ்சாவூரில் எங்கள் கல்லூரி ஹாக்கி அணிக்கு நாள் அதில்தான் தொடங்கும். ஹோஸைப் பிடித்திருப்பவர் எங்கள் கோச், மரியதாஸ் சார்.

எங்களை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். மீசை சரியாக முளைக்காத பையன்களை. முதலில் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தோம்.

மேட்ச் நாளில் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அணியைச் சொல்வதற்கு முன் கேட்பார். "இன்னைக்கு யாரு உக்காந்துக்கறீங்க?"

கால்வலி, காய்ச்சல், மனசு சரியில்லை... எதுவானாலும் நாமே சொல்லிவிடலாம். துருவிக் கேட்க மாட்டார்.

"உடம்பு உங்களோடது. எனக்கு எப்படித் தெரியும்? சொல்லிடுங்க. உங்க எடம் எங்கயும் போகாது."

போனதும் இல்லை. முதல் பாதி உட்கார்ந்தவன் இரண்டாம் பாதியில் இறங்குவான்.

கோப்பைதான் வரவில்லை.

கடைசி வருடம் நிர்வாகம் வேறு கோச்சைக் கொண்டுவந்தது. மரியதாஸ் சாரிடம் யாரும் சொல்லவில்லை போல. தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். புதியவர் விசிலோடு வந்து நின்றார். சார் ஹோஸைச் சுருட்டி வைத்தார். "நல்லா ஆடுங்க" என்று எங்களிடம் சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்தார்.

புதியவர் விக்ரமன். கெட்டிக்காரர். எதிரணியின் ஆட்டத்தை லேப்டாப்பில் போட்டு, எங்கே ஓட்டை என்று காட்டுவார். எங்களை ஜெர்சி நம்பரால் கூப்பிடுவார். "டேய் ஆறு, தூங்குறியா?"

ஆறு என்றால் அன்பரசன். சென்டர் ஹாஃப். எங்களில் உண்மையிலேயே ஆடத் தெரிந்தவன். குடவாசல் பக்கத்துக் கிராமம். வீட்டுக்கு இருந்தது சொற்ப நிலம். அதன் குறுக்கேதான் எரிவாயுக் குழாய் வருவதாக இருந்தது.

அந்த வருடம் ஃபைனலுக்கு வந்தோம். ஒரு வங்கி அணிக்கு ஆள் எடுப்பவர் பார்க்க வருகிறார் என்றார்கள். எடுத்தால் வேலை. அன்பு வீட்டில் எல்லோரும் அந்த ஒரு மேட்சைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மேட்சுக்கு முதல் நாள், குழாய் பதிக்கக் கதிர் வரும் பயிரில் பொக்லைனை இறக்கிவிட்டார்கள். ஊரே வயலில் போய் நின்றது. அன்பும் நின்றான். தள்ளுமுள்ளில் வரப்பிலிருந்து விழுந்து கணுக்கால் பிசகியது.

மறுநாள் வந்தான். விக்ரமன் அணியைச் சொல்லி முடித்ததும் எழுந்தான்.

"சார், ஃபர்ஸ்ட் ஹாஃப் மட்டும் உக்காந்துக்கறேன். கால்ல வீக்கம். ஐஸ் வச்சா செகண்ட் ஹாஃப் எறங்கிடுவேன்."

சாதாரணமாகத்தான் சொன்னான். எங்களுக்கும் சாதாரணமாகத்தான் பட்டது. விக்ரமனிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

"ஃபைனல் அன்னைக்கு உக்காந்துக்கறேங்கிறவன் எனக்கு எதுக்குடா? நேத்து வயல்ல போய் நிக்க மட்டும் கால் நல்லா இருந்துச்சா?"

கேப்டன் யூசுப் பழைய வழக்கத்தை எடுத்துச் சொல்லிப் பார்த்தான்.

"சரிப்பா. அந்த வழக்கத்துல எத்தனை கப் வாங்குனீங்க?"

யூசுப் ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் போனான்.

இரண்டாம் பாதியிலும் இறக்கவில்லை. அன்பு ஷூவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஸ்டிக்கைப் பிடித்தபடி கோட்டோரம் நின்றுகொண்டே இருந்தான்.

ஜெயித்தோம். வங்கிக்காரர் யூசுப்பை எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகு எங்கள் அணியில் யாருக்கும் எதுவும் வலிக்கவில்லை. கோல்கீப்பர் விரல் வீங்கிய கையைக் கிளவுஸுக்குள் மறைத்துக்கொண்டு ஆடினான். விக்ரமன் எங்கள் உறுதியை மெச்சினார்.

அவர் கெட்டவர் இல்லை. யூசுப் சொல்லும்வரை அப்படி ஒரு வழக்கம் இருந்ததே அவருக்குத் தெரியாது. ஆளோடு சேர்ந்து அதுவும் மொபெட்டில் போய்விட்டது என்பது எங்களுக்குத் தெரியாது...

போன மாதம் பழைய மாணவர்களுக்கு ஒரு மேட்ச். இப்போது செம்மண் இல்லை, பச்சை டர்ஃப். அன்பு வந்திருந்தான். அறுவடை மெஷின் ஓட்டுகிறான். ஓடும்போது அந்தக் கால் சரியாக ஊன்றவில்லை.

கால் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லடா. நல்லாத்தான் இருக்கு."

அப்போதெல்லாம் வலித்தால் வலிக்கிறது என்று சொல்வான்.

வேடிக்கை ஆட்டம். ஜெயித்தாலும் தோற்றாலும் பிரியாணி உண்டு. இடைவேளையில் யூசுப் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"அன்பு, செத்த உக்காருடா."

"எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, நொண்டியபடியே உள்ளே போனான்.