அண்டாவுக்குப் போர்த்திய கம்பளி

மும்பையில் குளிரே கிடையாது என்று சொல்லி அனுப்பியவனை மனத்துக்குள் திட்டிக்கொண்டு தாராவியில் படுத்திருக்கிறேன். ஜனவரி மாதம், தகரக் கூரை, ஈரத்துணி போலச் சில்லிடும் தரை. சைக்கிளில் இட்லி விற்கும் பெரியப்பா மகன் வீடு இது. அண்ணன் சுவரோரம் சுருண்டு படுத்து இருமுகிறார்.

வீட்டில் இருப்பது இரண்டே கம்பளி. ஒன்றை இட்லி மாவு அண்டாவில் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். இன்னொன்று விருந்தாளியான என்மேல் கிடக்கிறது.

"அண்ணனுக்குப் போர்த்துங்க மதினி," என்று என் கம்பளியை நீட்டுகிறேன்.

வாங்கிக்கொண்ட மதினி, வெறும் கோணி சுற்றிய இரண்டாவது அண்டாவைப் பார்க்கிறார். "குளுருக்கு மாவு பொங்க மாட்டேங்கு. நேத்து இட்லி கல்லா இருக்குன்னு பாதி அப்படியே திரும்பி வந்துட்டு."

அண்ணன் எழுந்து வருகிறார். கம்பளியை வாங்கி அந்த அண்டாவில் சுற்றிக் கட்டுகிறார். அவிழ்த்த கோணியைப் போர்த்திக்கொண்டு, அண்டாவில் முதுகை ஒட்டிப் படுக்கிறார்.

மதினி விளக்கை அணைக்கிறார். மறுபடி இருமல் வருகிறது. அண்டாவின் மூடி கடகடவென்று ஆடுகிறது.

மாவு அமுங்கிவிடக் கூடாதென்று அண்ணன் தள்ளிப் படுக்கிறார்.