1640-ஆம் எண் வீடு

இது நடந்தது. நான் ஜோடித்திருந்தால் இதைவிட ஆறுதலான முடிவாக வைத்திருப்பேன்.

பெல்லம் கவுண்டி நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில் லவோனியா மேஸும் நானும் பதினோரு வருடம் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்தவர்கள். எனக்குப் பழைய பத்திரங்களைப் பராமரிக்கும் வேலை. அவளுக்குச் சாலைகளுக்குப் பெயரும் வீடுகளுக்கு எண்ணும் போடும் வேலை. போன ஞாயிறு ஏன் சர்ச்சுக்கு வரவில்லை என்று போதகர் கேட்டால், "தூங்கிட்டேன் பாஸ்டர்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறவள். அவளுக்குப் பொய் வராது.

1994-ஆம் வருடம். அதுவரை ஜார்ஜியா மாநிலத்தின் இந்த மூலையில் எந்த வீட்டுக்கும் எண் கிடையாது. இடி விழுந்த ஓக் மரத்துக்கு அப்புறம் இரண்டாவது வீடு என்று சொல்லித்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவோம். அது வந்து சேர்வதற்குள் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அதனால்தான் எண் போடச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரு மைலுக்கு ஆயிரம் எண். சாலை தொடங்கும் இடத்திலிருந்து 1.2 மைலில் இருக்கும் வீடு 1200. வலது பக்கம் இரட்டை எண், இடது பக்கம் ஒற்றை எண்.

சாலைத் துறையின் வண்டியை ஓட்டியவர் ஹோய்ட் பார்டின். அறுபதை நெருங்கும் வெள்ளைக்காரர். லவோனியா கறுப்பினப் பெண், நாற்பது வயது. ஏழு மாதம் ஒரே வண்டியில் சுற்றியதில் இருவருக்கும் நல்ல பழக்கம்.

அக்டோபர் பதினொன்று, செவ்வாய்க்கிழமை. அன்று காலை ஒரு கிழவர், செத்துப்போன தன் கோவேறு கழுதையின் பெயரைத்தான் சாலைக்கு வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தார். ஹோய்ட் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

"வெச்சுட்டுப் போங்க மிஸ் லவோனியா. அந்தக் கழுதை இந்தக் கவுண்டிக்குச் செஞ்ச வேலையில பாதிகூட நம்ம கமிஷனர் செஞ்சதில்ல."

"அவரு பேருல ஒரு ரோடு ஏற்கெனவே இருக்கு, மிஸ்டர் ஹோய்ட். குண்டும் குழியுமா."

மாலை 5:25. அன்றைக்குக் கடைசிச் சாலை. நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் செம்மண் பாதை. வரைபடத்தில் அதன் நீளம் 0.4 மைல். அதற்குமேல் மரக் கம்பெனி நட்ட பைன் காடு. வீடு எதுவும் குறிக்கப்படவில்லை. பார்த்துவிட்டு 'இல்லை' என்று எழுதிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

மீட்டர் 0.4 காட்டியது. பாதை முடியவில்லை.

ஹோய்ட் வேகத்தைக் குறைத்தார். "இதுக்கு மேல ரோடு கிடையாதே. முப்பது வருஷமா இங்க மான் வேட்டைக்கு வரேன். வெறும் பைன் மரந்தான்."

"அப்போ அங்க தெரியறது என்ன?"

மரங்களுக்கு மேலே புகை. ஒன்றல்ல, ஐந்தாறு இடத்தில். காற்று வீசிக்கொண்டிருந்தது. பைன் உச்சிகள் ஆடின. புகை மட்டும் கயிறு கட்டி இழுத்ததுபோல் நேராக மேலே போனது.

0.71 மைல். இடது பக்கம் முதல் வீடு. லவோனியா தாளில் 711 என்று எழுதினாள். மணி 5:38.

பலகை வீடு. முற்றத்தில் ஒரு வயதான கறுப்பினப் பெண் குச்சித் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டிருந்தாள். புல் ஒன்றுகூட இல்லாத மண் முற்றம். சீப்பால் வாரியதுபோல் துடைப்பத்தின் கோடுகள். லவோனியா இறங்கி ஓரமாக நின்றாள். பெருக்கிய இடத்தில் கால் வைக்க மனமில்லை.

"கவுண்டியிலேர்ந்து வரேம்மா. வீட்டுக்கு நம்பர் போடறோம். இந்த ரோட்டுக்கு என்ன பேரு?"

"லிட்டில் ஜோர்டன். இது தெரியாதா ஒனக்கு? எந்த ஊரு பொண்ணு நீ?" என்றாள் கிழவி. பிறகு வண்டிக்குள் இருந்த ஹோய்டைப் பார்த்தாள். குரல் தாழ்ந்தது. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் கெடு குடுத்திருக்காங்கல்ல. இன்னிக்கு வெள்ளிதானே? அதுக்குள்ள ஏன் அந்தாளக் கூட்டிட்டு வந்த?"

இன்றைக்குச் செவ்வாய் என்று சொல்ல வாயெடுத்தாள் லவோனியா. அப்போதுதான் வாசலைக் கவனித்தாள். சுருட்டிக் கட்டிய மெத்தை. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பாத்திரங்கள். கூண்டில் நான்கு கோழிகள்.

கம்பெனிக்காரன் காலி செய்யச் சொல்கிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். சாலையின் பேரையும் கிழவியின் பேரையும் எழுதிக்கொண்டு திரும்பி நடந்தவள் ஒரு முறை பின்னால் பார்த்தாள்.

கிழவி முற்றத்தின் நடுவில் நின்றிருந்தாள். அவளைச் சுற்றித் துடைப்பத்தின் கோடுகள் அப்படியே இருந்தன. கால் தடம் ஒன்றுகூட இல்லை.

இரண்டாவது வீடு. மூன்றாவது. நான்காவது. எல்லா வாசலிலும் மூட்டைகள். எல்லோரும் பேரைச் சொல்லிவிட்டு அதையே கேட்டார்கள். ஞாயிறு வரைக்கும் கெடு இருக்கே... அதுக்குள்ள ஏன் வந்தீங்க?

எங்கேயும் மின்கம்பம் இல்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. குழந்தைகள் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து வண்டியைப் பார்த்தார்கள். ஒன்றுகூடக் கையசைக்கவில்லை.

"திரும்பிடலாம் மிஸ் லவோனியா." ஹோய்டின் கை ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தது. "இவங்க என்னைப் பாக்கற விதம் சரியில்ல."

"கோவமாவா பாக்கறாங்க?"

"கோவம்னா பரவாயில்லையே. பயந்து பாக்கறாங்க."

"இன்னும் ரெண்டு வீடுதான். இருங்க."

1.64 மைல். வலது பக்கம். கடைசி வீடு. மணி 6:04.

இங்கே வாசலில் மூட்டை இல்லை. இவள் இறங்குவதற்கு முன்பே கதவு திறந்தது. முப்பது வயதுப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"டாக்டர் வராரா? ஒன்னயா அனுப்பினாரு?"

"நான் கவுண்டியிலேர்ந்து..."

"உள்ள வா. வந்து பாரு."

லவோனியா உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்றாள். அங்கிருந்தே சத்தம் கேட்டது.

மூச்சு. சின்னக் குழந்தையின் மூச்சு. உள்ளே இழுக்கும்போது விசில் மாதிரி... பிறகு நிற்கும். மனசுக்குள் நான்கு எண்ணும் நேரம். மறுபடி விசில்.

இருட்டான அறைக்குள் கட்டில் தெரிந்தது. நான்கு வயதுப் பெண் குழந்தை. கழுத்து இரண்டு பங்கு வீங்கியிருந்தது.

"தூக்குங்க. எங்க வண்டியில போயிடலாம். இருவத்தஞ்சு நிமிஷத்துல ஆஸ்பத்திரி."

அந்தப் பெண் வண்டியைப் பார்த்தாள். உள்ளே இருந்த வெள்ளை முகத்தைப் பார்த்தாள். ஒரு அடி பின்னால் போனாள்.

"அந்தாளு வண்டியில எம் புள்ளைய ஏத்த மாட்டேன்."

"அவரு நல்ல மனுஷங்க. எனக்குத் தெரிஞ்சவரு."

"நேத்து ராத்திரி கெடு சொல்ல வந்தவங்களும் எனக்குத் தெரிஞ்சவங்கதான்." அவள் லவோனியாவின் கையைப் பிடித்தாள். பிடி சுட்டது. "டாக்டர இங்க வரச் சொல்லுக்கா. செலியா ஹார்ப் வீடுன்னு சொல்லு. ரோட்டு முனையிலதான் அவரு வீடு. நீ கூப்பிட்டா வருவாரா?"

"வருவாங்க. நம்பர் போட்டாச்சு. இனிமே கூப்பிட்டா வந்துதான் ஆகணும்."

"யாரு வீடா இருந்தாலுமா?"

"யாரு வீடா இருந்தாலும்."

வண்டிக்கு ஓடினாள். வண்டியின் வயர்லெஸ் ரேடியோவை எடுத்தாள். இரைச்சல் மட்டும். ஹோய்ட் வண்டியைத் திருப்பினார். போகும் வழியில் வீடுகளின் பக்கம் இருவருமே பார்க்கவில்லை.

6:17. சாலை முனை.

வெள்ளை வீடு. மாடி வீடு. முன்வாசலில் தூண்கள். ஜன்னலில் விளக்கு.

வரும்போது அந்த இடத்தில் வீடு இல்லை.

இருட்ட இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. ஆனால் அந்த வீட்டைச் சுற்றி மட்டும் இருட்டியிருந்தது.

"நிறுத்துங்க."

"எங்க நிறுத்தறது? என்ன இருக்கு இங்க?"

"நிறுத்துங்க மிஸ்டர் ஹோய்ட்."

குதித்து ஓடினாள். படிகள் ஏறியது அவளுக்கு நினைவிருக்கிறது. ஐந்து படி. கதவைத் தட்டினாள். உள்ளே நாற்காலி நகரும் சத்தம். செருப்புச் சத்தம்.

கதவைத் திறந்தவர் ஐம்பது வயது வெள்ளைக்காரர். கழுத்தில் சாப்பாட்டுத் துணி. உள்ளேயிருந்து வறுத்த பன்றி இறைச்சி வாசனை.

"கடைசி வீட்டுல ஒரு கொழந்த மூச்சு விட முடியாமத் தவிக்குது. ஃபோன் பண்ணணும். 1640, லிட்டில் ஜோர்டன். சீக்கிரம் சார்."

அவர் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். சட்டைப் பையின் மேல் தைத்திருந்த பெயரைப் பார்த்தார். கால்சட்டையைப் பார்த்தார். கோபப்படவில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

"பின் வாசலுக்கு வா."

அவள் வாழ்நாளில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. கறுப்பினத்தவர் முன்வாசலில் நிற்கக் கூடாது என்றிருந்த காலத்தில் அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். முகத்தில் ரத்தம் ஏறியது. வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கினாள். அந்த மூச்சு... காதிலேயே இருந்தது.

படி இறங்கினாள். வீட்டைச் சுற்றி ஓடினாள். மூலை திரும்பினாள்.

பின் வாசல் இல்லை.

சுவர் இல்லை.

வீடே இல்லை.

இடுப்பளவு மண்டிக் கிடந்த குட்ஸு என்னும் காட்டுக்கொடி. நடுவில் இடிந்த ஒரு செங்கல் புகைபோக்கி. அதன் முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தாள். மேலே மாலை வெளிச்சம்.

"மிஸ் லவோனியா..." ஹோய்ட் சாலையில் நின்று கூப்பிட்டார். "அங்க யாருகிட்ட பேசிட்டிருந்தீங்க?"

6:31. நெடுஞ்சாலைக் கடையிலிருந்து ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தாள். எல்லாம் தெரிந்தும் செய்தாள். ஒருவேளை, ஒருவேளை என்று மனசு அடித்துக்கொண்டது.

ஆம்புலன்ஸ் போனது. 0.4 மைலில் பாதை முடிந்தது. அதற்குமேல் பைன் மரங்கள். டிரைவர் அவளைத் திட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அந்தத் தாளை என் மேஜையில் வைத்தாள். ஆறு எண்கள், ஆறு பெயர்கள். கடைசிப் பெயர் செலியா ஹார்ப்.

பத்திரங்களில் தேடினேன். ஆறு பெயரும் இருந்தன. ஆறு பேரும் சொந்த நிலம் வைத்திருந்தவர்கள். 1912 அக்டோபரில், ஒரே வாரத்தில், ஆறு நிலமும் வெள்ளைக்காரர்கள் கைக்கு மாறியிருந்தன. அந்தப் பெயர்கள் அதற்கப்புறம் எங்கள் கவுண்டிப் பதிவேடுகளில் எங்கேயும் இல்லை. ஏன் என்று எந்தப் புத்தகமும் எழுதவில்லை. அப்படி எழுதாமல் விட்டவை இங்கே நிறைய.

அத்துடன் விட்டிருப்போம்.

மூன்று வருடம் கழித்து சவான்னா நகரத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. தன் தாத்தாவின் பொருட்கள், கவுண்டி வரலாற்றுக்கு உதவும் என்று ஒரு அம்மாள் அனுப்பியிருந்தார். டாக்டர் எல்பர்ட் ஸ்டாண்டிஃபர். சாலை முனையில் குடியிருந்தவர். உள்ளே பத்து நாட்குறிப்புகள்.

1912, அக்டோபர் 11, வெள்ளி:

'இரவுச் சாப்பாட்டின்போது கறுப்பினப் பெண் ஒருத்தி முன்வாசலுக்கு வந்தாள். ஆண்களைப்போல் கால்சட்டை. சட்டையில் லவோனியா என்று தைத்திருந்தது. ஜோர்டனில் குழந்தைக்கு மூச்சுத் திணறல் என்றாள். ஏதோ எண் சொன்னாள். பின் வாசலுக்கு வரச் சொன்னேன். போய்த் திறந்தேன். யாரும் இல்லை. இந்த வாரம் அந்தச் சாலையில் என்னை யாரும் பார்ப்பது நல்லதல்ல. போகவில்லை.'

மறுநாள் ஒரு வரி: 'ஹார்ப் குழந்தை விடியும்முன் இறந்ததாம்.'

லவோனியாவுக்கு நானே படித்துக் காட்டினேன்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

அத்தோடு முடியவில்லை.

1913, அக்டோபர் 11: 'வந்தாள். அதே சட்டை. அதே வார்த்தைகள்.'

1914: 'வந்தாள்.'

1915: 'வந்தாள். வேலைக்காரன் யாரையும் பார்க்கவில்லை என்கிறான்.'

ஒவ்வொரு வருடமும் அதே தேதி. 1919-இல்: 'கதவைத் திறக்கவில்லை. திறக்காமலே எல்லாம் கேட்டது.'

கடைசிப் புத்தகம் 1921. டாக்டர் எந்த நாளில் இறந்தார் என்பது ஊர் கல்லறைத் தோட்டத்தில் அவர் கல்லில் வெட்டியிருக்கிறது. 1921, அக்டோபர் 11. அன்றைய பக்கத்தில் கையெழுத்து கோணலாக இருந்தது.

'வந்திருக்கிறாள். இந்த முறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு. பின் வாசலுக்குப் போகச் சொன்னேன். போகவில்லை. உள்ளே வருகிறாள்.'

அதற்குப்பின் எழுத்து இல்லை.

லவோனியா புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கினாள்.

"நான் அந்தக் கொழந்தையத் தொடவே இல்ல," என்றாள். "ஒரே ஒரு தடவதான் போனேன்."