சொட்டு மருந்து விட்ட கை

இதை யாரோ சொல்லக் கேட்டு எழுதவில்லை. மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய எங்கள் வீட்டில், எனக்கே நடந்தது. மே மாதத்தில் தொடங்கியது. இன்னும் முடியவில்லை. என் பெயர் பாக்கியலட்சுமி, வயது நாற்பத்தாறு. பேய் பிசாசு என்று யாராவது பேசினால் அதுவரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தவள்தான் நான்.

நான் இரண்டாம் தாரம். மூத்தவள் அமுதவல்லி காமாலையில் போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஆனாலும் என் வீட்டுக்காரர் தமிழரசன் வாயைத் திறந்தால் அவள் பேச்சுதான். அவள் உப்பு வாரினால் அப்படி, சிரித்தால் இப்படி. ஒரு நாள் என்னை வைத்துக்கொண்டே, "அவ கண்ணு மாதிரி வராது" என்றார். நானோ சின்ன வயசிலிருந்து சோடாபுட்டிக் கண்ணாடி. எனக்கு எப்படி இருக்கும்? செத்துப்போனவள் மேல் அப்படி ஒரு வயிற்றெரிச்சல். அன்றைக்கே முடிவு செய்தேன், இந்தக் கண்ணாடியைத் தூக்கி எறிவது என்று.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். என் பவருக்கு லேசர் ஒத்துவராதாம். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸை எடுத்துவிட்டு, அளவு பார்த்துச் செயற்கை லென்ஸ் வைப்பார்களாம். தூரத்துக்கு வைத்தால் கிட்டத்தில் இருப்பது மங்கும், படிக்கத் தனிக் கண்ணாடி போட வேண்டும் என்றார். நான் தூரத்துக்கே வைக்கச் சொன்னேன். முதலில் வலது கண். இடது கண் பிறகு.

கட்டைப் பிரித்ததும் என் வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன் கண்ணும் நல்லாத்தான் இருக்குது" என்றார். கல்யாணமாகி ஏழு வருடத்தில் முதல் தடவை. சொட்டு மருந்து விடுவதும் அவர்தான். ஒரு கையால் கீழ் இமையை இழுத்துப் பிடிப்பார், மறு கையால் மருந்தை விடுவார். தொண்டையில் கசப்பு இறங்கும். அந்தக் கசப்புகூட எனக்குப் பிடித்திருந்தது. பார்த்துக்கொள் அமுதவல்லி, என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

இரண்டொரு நாள் கழித்து, மதியம், ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடைசிப் பாத்தியில் ஒருத்தி உப்பு வாரிக்கொண்டிருந்தாள். பலகையைத் தன் பக்கம் இழுத்து இழுத்து, பின்பக்கமாகவே நடந்தாள். முதுகுதான் தெரிந்தது. அவ்வளவு தூரத்திலும் சேலையின் பச்சைக் கரை பளிச்சென்று தெரிந்தது. புதுக் கண் இல்லையா, பெருமையாக இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது... உப்பு வாருவது விடியற்காலையில். மே மாத மதிய வெயிலில் உப்பளத்தில் ஒரு ஆளும் இருக்காது.

மறுநாளும் வந்தாள். இரண்டு பாத்தி கிட்டே. அதற்கு மறுநாள் இன்னும் கிட்டே. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடியே எங்கள் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ஆண்டாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கையை நெற்றியில் வைத்து நன்றாகப் பார்த்துவிட்டு, அங்கே யாருமே இல்லை என்று சொல்லிவிட்டாள்.

அன்று அவர் மரக்காணம் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். ஆறு மணிக்கு மருந்து விட வேண்டும். அதற்குள் வந்துவிடுவார் என்று கண்ணை மூடிக் கட்டிலில் படுத்திருந்தேன்.

கதவு கிரீச்சிட்டது.

சப்... சப்... ஈரக் காலடிச் சத்தம்.

"வந்துட்டீங்களா?"



ஒரு கை என் தாடையைப் பிடித்தது. அவர் தாடையைப் பிடிக்க மாட்டாரே...

சொரசொரப்பான கை. ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது.

வலது கண் ஓரத்தில் ஒரு சொட்டு விழுந்தது. உள்ளே இறங்கி எரிந்தது.

தொண்டையில் கசக்கவில்லை.

உப்புக் கரித்தது.

தலைமாட்டில் போன் அடித்தது. பட்டன் போன். தடவி எடுத்தேன். அவர் குரல்.

"பஸ் இப்பதான் கெடைச்சுது. மருந்துதான் காலையிலயே தீந்துபோச்சே, புதுசு வாங்கிட்டேன். நான் வர்ற வரைக்கும் அப்படியே படுத்திரு."

கண்ணைத் திறந்தேன்.

என் முகத்துக்கு நேராக ஒரு முகம்.

மிகவும் கிட்டத்தில்... அதனால் மங்கல். கண் எது, வாய் எது என்றே தெரியவில்லை.

பச்சைக் கரை மட்டும் அசைந்தது.

தலையணைக்கு அடியில் துழாவிப் படிக்கிற கண்ணாடியை எடுத்து மாட்டினேன்.

யாரும் இல்லை.

வாசலிலிருந்து கட்டில் வரை ஈரக் காலடிகள். எல்லாவற்றிலும் குதிகால்தான் கட்டில் பக்கம் இருந்தது. பின்பக்கமாகவே நடந்து வந்திருக்கிறாள். கட்டிலோரத்தில் மட்டும் ஒரு ஜோடி என் பக்கம் திரும்பியிருந்தது. காய்ந்ததும் அத்தனையும் வெள்ளையாக உப்புப் பூத்தன.

மறுநாள் ஆண்டாளிடம் சொன்னேன். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னாள்.

"அமுதவல்லி கண்ணுல உப்புத்தண்ணி தெறிச்சு புண்ணாயிருந்துது. உன் வூட்டுக்காரருதான் ஆறு மாசம் மருந்து ஊத்துனாரு. சாவறப்போ அவரு கையப் புடிச்சிக்கினு, இந்தக் கையால வேற எவ கண்ணுலயும் ஊத்தக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் போனா."

பயந்தேன். இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிட அதிகமாக எரிந்தது வயிறு. எனக்கே எனக்கு என்று நினைத்த ஒன்றும் அவளுடையதா?

இடது கண் ஆபரேஷன் போன வாரம் முடிந்தது. மருந்து விட ஆண்டாளைக் கூப்பிடட்டுமா என்று அவரே தயங்கித் தயங்கிக் கேட்டார். "நீங்கதான் ஊத்தணும்" என்றேன். செத்தவளுக்கு விட்டுக்கொடுக்கவா நான் கண்ணைக் கொடுத்து ஆபரேஷன் செய்துகொண்டேன்?

நேற்று சாயங்காலம், ஆறு மணி. தலையைச் சாய்த்துக் கொடுத்தேன்.

அவருடைய ஒரு கை என் இமையை இழுத்துப் பிடித்திருந்தது.

மறு கையில் மருந்துப் பாட்டில்.

அப்போது என் தாடையை ஒரு கை பிடித்தது...